பதினொன்றாம் எண்ணின் ஐந்தாவது ஃபவுல்

டெனிஸ் என்ற மாணவன் செய்யாத ஒரு தவறை அவன் பெயருக்கு நேரே நான் எழுதினேன். கை தவறி அல்ல, தெரிந்தே எழுதினேன். பத்து நிமிடம் கழித்து அவனே என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "சாரி சார்" என்றான்.

நான் "பரவாயில்லப்பா" என்றேன்.

எழுதியதைவிட அந்த "பரவாயில்லப்பா"தான் என்னை இன்றும் திடுக்கிட வைக்கிறது. பல் துலக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, திடீரென்று என் குரலிலேயே அது எனக்குக் கேட்கும். அவ்வளவு கனிவாகச் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தொடரில் இத்தனை வாரங்களாக என்னை ஒரு நேர்மையான வாத்தியாராகவே காட்டி வந்திருக்கிறேன். போன வாரம் ஓசூரிலிருந்து ஒரு வாசகர், 'ஒரு மதிப்பெண்ணைக்கூட மாற்றிப் போடாத உங்களைப் போன்றவர்கள் இன்று எங்கே?' என்று கடிதம் எழுதியிருந்தார். அதை இரண்டு முறை படித்தேன். இனியும் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது.

மேஜைக்குப் பின்னால்

பெங்களூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தேன். பையன்கள் என்னை 'ஸ்டாட்ஸ் சார்' என்பார்கள். கூடைப்பந்தை நான் ஒருநாளும் தரையில் தட்டியதில்லை. ஆனால் எங்கள் மைதானத்தில் நடந்த ஆட்டங்களுக்குப் பதினாறு வருடம் ஸ்கோர் எழுதினேன். முதல் நாள், எழுத வேண்டியவருக்குக் காய்ச்சல். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லி உட்கார வைத்தார்கள். பிறகு எழுந்திருக்க மனம் வரவில்லை.

ஸ்கோர் தாள் என்பது கார்பன் வைத்த நான்கு பிரதி. முதல் கால் பகுதிக்கும் மூன்றாவதற்கும் சிவப்பு மை, மற்ற இரண்டுக்கும் நீலம். ஒவ்வோர் ஆட்டக்காரன் பெயருக்கு எதிரேயும் ஐந்து சின்னக் கட்டங்கள் இருக்கும். அவன் செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் ஒரு கட்டம் நிறையும். ஐந்தும் நிறைந்தால் அவன் வெளியே போக வேண்டும். அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது.

யார் செய்த ஃபவுல் என்பதை ரெஃப்ரீ மேஜைக்கு எதிரே வந்து கையால் காட்டுவார். மூடிய முட்டி என்றால் பத்து. மற்றக் கையின் விரல்கள் மிச்சம். முட்டியும் ஒரு விரலும் பதினொன்று. முட்டியும் இரண்டு விரலும் பன்னிரண்டு.

ஒரு விரல்தான் வித்தியாசம்.

கை எத்தோ!

அந்த வருடத்து அணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். அல்சூர் ஏரியைச் சுற்றி அவர்கள் ஓடும்போது நானும் மெதுவாக நடந்து போவேன். ஏரி நாற்றம், ஈரக் காற்று, பதினைந்து ஜோடி கால்களின் சத்தம். ஓடி முடித்ததும் கல்லூரி சிமெண்ட் கோர்ட்டில் பயிற்சி. பந்து மோதி மோதி அங்கே பூச்சு தேய்ந்து, கல் தெரியும்.

கோச் முனிராஜு. கன்னடத்தில்தான் திட்டுவார், தமிழில் சமாதானம் செய்வார். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. ஃபவுல் செய்தவன் தானாகவே கையைத் தூக்க வேண்டும். ரெஃப்ரீ பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி. மற்றக் கல்லூரிக்காரர்கள் சிரிப்பார்கள். இவர் எல்லைக் கோட்டில் நின்று, "லே, கை எத்தோ!" என்று கத்துவார். கையைத் தூக்குடா என்று அர்த்தம். தூக்காதவன் மறுநாள் ஏரியைக் கூடுதலாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும்.

அந்த சீசனின் முதல் ஆட்டத்தில் இருபது பாயிண்டில் தோற்றோம். எதிரணிப் பையன்கள் எங்கள் வேனைச் சுற்றி நின்று கொட்டாவி விட்டுக் காட்டினார்கள். அதற்கப்புறம் வரிசையாக ஆறு வெற்றி. எப்படி என்று எனக்குத் தாளைப் பார்த்தாலே தெரியும். பன்னிரண்டாம் எண் நவீன் பாயிண்ட் போட்டான். பதினொன்றாம் எண் டெனிஸ், எதிரணியின் சிறந்த ஆட்டக்காரனைப் போடவிடவில்லை.

டெனிஸ் ஒல்லி, கை மட்டும் நீளம். ஒருவனோடு ஒட்டினால் விடமாட்டான், அதனால் 'கோந்து' என்று பெயர். ஒரு நாள் வேனில் எனக்குப் பின் சீட்டில் இருவரும் பேசிக்கொண்டு வந்தது இன்னும் காதில் இருக்கிறது.

"மச்சா, நீ பாயிண்ட் போடற, பேப்பர்ல உம் பேரு வருது. நான் இடி வாங்கறேன், எம் பேரு சாரோட ஃபவுல் கட்டத்துலதான் வருது."

"எங்கியோ ஒரு இடத்துல வருதேன்னு சந்தோஷப்படுறா, கோந்து."

நானும் சேர்ந்து சிரித்தேன்.

டெனிஸின் அப்பா அந்தோணிசாமி சிட்டி பஸ் ஓட்டினார். ஒக்கலிபுரத்தில் வீடு. இறுதி ஆட்டத்துக்கு மாநில அணித் தேர்வாளர் வருகிறார் என்று தெரிந்ததும் டெனிஸ் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். "ஸ்டேட் டீம்ல ஒரு தடவை பேரு வந்துட்டா போதும் சார். ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு. அப்பா முதல் தடவையா மேட்ச் பாக்க வராரு." இதை அவன் என்னிடம் சொன்னான். ஆகவே, எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

கடைசி நான்கு நிமிடம்

இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில். மாலை வெயில் சாய்ந்திருந்தது. படிகளில் ஐந்நூறு பேராவது இருப்பார்கள். நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். நீல மை. என் தாளில் பதினொன்றுக்கும் நான்கு கட்டம் நிறைந்திருந்தது, பன்னிரண்டுக்கும் நான்கு.

எதிரணியின் உயரமான பையன் கூடையை நோக்கி எழும்பினான். டெனிஸும் நவீனும் சேர்ந்தே எழும்பினார்கள். டெனிஸின் கைகள் நேராக மேலே இருந்தன. நவீனின் கை இறங்கி அந்தப் பையன் மணிக்கட்டில் விழுந்தது. 'சட்' என்ற சத்தம் மேஜைவரை கேட்டது.

விசில்.

ரெஃப்ரீ பிரபாகர் என்னிடம் படித்தவர். மேஜைக்கு எதிரே வந்து நின்று காட்டினார். முட்டி. இரண்டு விரல். பன்னிரண்டு.

நான் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். நவீன் வெளியே போனால் கப்பு போகும் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடிதான். பேனா பதினொன்றுக்கு எதிரே இறங்கியது. பஸ்ஸரை அழுத்தி, "லெவன். ஃபிஃப்த் ஃபவுல்" என்றேன்.

பிரபாகர் அருகே வந்தார். "லெவனா சார்? ட்வெல்வ்தானே காட்டினேன்?"

"லெவன்தான் காட்டினீங்க, பிரபாகர்."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். ஒரு மனிதன் தன் விரல்களையே சந்தேகிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு தலையை ஆட்டினார். அவருக்குப் பாடம் எடுத்தவன் நான்.

"யாரோ அது, கை எத்தோ!" என்று முனிராஜு வழக்கம்போலக் கத்தினார். நவீனின் கை எழும்பியது. காதுவரை வந்தது. அதற்குள் ரெஃப்ரீ டெனிஸை வெளியே போகச் சொல்வதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அந்தக் கை அப்படியே தலைமுடி வியர்வையைத் துடைத்துவிட்டுக் கீழே போனது.

டெனிஸ் மட்டும் நகரவில்லை. "நான் தொடவே இல்ல சார்! ட்வெல்வ்தான் காட்டினீங்க, நான் பாத்தேன்!" குரல் உடைந்து கீச்சென்று வந்தது. இரண்டு முறை எச்சரித்தார்கள். மூன்றாவது முறை அவன் பந்தைத் தரையில் அறைந்தான். அந்த நடத்தைக்கென்று தனியாக ஒரு டெக்னிக்கல் ஃபவுல். படிகளில் ஊளைச் சத்தம்.

அப்போது ஒருவர் காக்கி பேண்ட்டோடு படிகளில் இறங்கி வந்தார். டெனிஸின் பிடரியைப் பிடித்து, தாகத்துக்குத் தண்ணீர் வைத்திருந்த ஓரத்துக்கு இழுத்துப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஆட்டம் நடந்தது. நவீன் கடைசிக் கூடையைப் போட்டான். ஒரு பாயிண்டில் வென்றோம். எல்லோரும் கோர்ட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது, அந்தோணிசாமி மகனை மேஜைக்கு நடத்தி வந்தார்.

"ரெஃப்ரீ சார்கிட்ட சொல்லியாச்சு. இப்ப இவருகிட்டயும் சொல்லு. ப்ரொஃபசர்டா அவரு. அவரு எழுதினது தப்பா இருக்குமா?"

டெனிஸ் என்னையே பார்த்தான்.

"சாரி சார்."

அப்புறம் நான் சொன்னது உங்களுக்குத் தெரியும்.

தேர்வாளர் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தபோது, "ஆட்டம் நல்லா இருக்கு, வாய் ஜாஸ்தி" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பட்டியலில் நவீன் பெயர் வந்தது, டெனிஸ் பெயர் வரவில்லை. கல்லூரி ஒழுங்குக் குழு அவனை அணியிலிருந்து ஒரு வருடம் விலக்கி வைத்தது. அது அவனுடைய கடைசி வருடம். அந்தக் குழுவில் நான் இல்லை. இருந்திருந்தால் பேசியிருப்பேன் என்றும் சொல்ல மாட்டேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். நவீன் எனக்கு உறவில்லை. டெனிஸ் மேல் கோபமில்லை. அப்படி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவுமில்லை. கப்பு வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். இத்தனை சின்னக் காரணத்துக்கு இவ்வளவு செய்ய என்னால் முடியும் என்பது எனக்கே அன்றுவரை தெரியாது. வெற்றி பெற்ற அணிக்கென்று வந்த இளஞ்சிவப்புப் பிரதியை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். யாரும் கேட்கவில்லை.

"கண்ணு எப்படி இருக்கு சார்?"

இந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பிரேசர் டவுனில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, சர்ச்சை ஒட்டிய பள்ளிக்கூடத்து கோர்ட்டில் விசில் சத்தம். வேலியோரம் நின்றேன். பள்ளிப் பிள்ளைகள் ஆட்டம். ரெஃப்ரீ சட்டையில் டெனிஸ், அதே நீளக் கை. உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது, ஆனால் கையை மறக்க முடியுமா?

ஒவ்வொரு ஃபவுலுக்கும் அவன் மேஜை அருகே வந்து எண்ணைக் கையால் காட்டியதோடு வாயாலும் சொன்னான். "நைன். நைன். நைன்." மூன்று முறை. எந்த ரெஃப்ரீயும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆட்டம் முடிந்ததும் அவனே வந்தான். "ஸ்டாட்ஸ் சார்தானே? நல்லாருக்கீங்களா? கண்ணு எப்படி இருக்கு சார்?"

"ஆபரேஷன் ஆச்சு. ஏன் கேக்கற?"

"சும்மாதான் சார்."

எதிரே டீக்கடை. அவன் கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசர், ஞாயிறு மட்டும் ரெஃப்ரீ. கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. டீ ஆறிக்கொண்டிருந்தது. "டெனிஸ், அந்த ஃபைனல்ஸ்…" என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க சார். அது எனக்கு எப்பவோ தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவரு ட்வெல்வ்தான் காட்டினாரு. நவீன் பாதி கை தூக்கினதையும் பாத்தேன். உங்களுக்கு வெயில் நேரா மூஞ்சில. கண்ணாடி வேற. வயசானவரு, பாவம், தப்பாத் தெரிஞ்சிருக்கும்னு புரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு சார். அப்புறம் கோவமே வரல. அதனாலதான் இப்ப மூணு தடவை வாயால சொல்றேன். மேஜைல யாரு உக்காந்திருந்தாலும் கண்ணு ஏமாத்தக் கூடாதுல்ல?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என்னைத் திட்டுவான் என்று வருடக்கணக்காக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவனோ என்னை எப்போதோ மன்னித்துவிட்டிருந்தான், நான் செய்யாத ஒரு தவறுக்காக. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். அவன் நிம்மதியும் போயிருக்காது, என் பெயரும் போயிருக்காது. அந்த ஆசை எனக்கு வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"வெயில் இல்ல டெனிஸ். எனக்குப் பன்னிரண்டுன்னு நல்லாத் தெரிஞ்சுது."

அவன் புரியாமல் சிரித்தான். "என்ன சார்?"

"தெரிஞ்சுதான் எழுதினேன். நவீன் வெளிய போகக் கூடாதுன்னு."

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அதை எடுக்க அவனுக்குத் தெரியவில்லை போலிருந்தது. டீக்கடைக்காரர் கிளாஸை எடுக்க வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"வேணும்னேவா?"

"ஆமாம்."

"நான் வந்து சாரி சொன்னேனே சார்."

அவன் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினான், மறுபடி மாட்டிக்கொண்டான். எழுந்து நின்று ஒன்றுதான் சொன்னான். "எங்கப்பாகிட்ட வந்து சொல்லுங்க. அதுக்கப்புறம் அவரு என் ஆட்டம் ஒண்ணுகூடப் பாக்க வரல."

ஒக்கலிபுரம்

மாடி வீடு. ஜன்னலுக்கு வெளியே ரயில் போகும்போது பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அந்தோணிசாமி ரிட்டயர் ஆகி, வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "ப்ரொஃபசர் சாரு! உக்காருங்க, உக்காருங்க. காபி சாப்பிடறீங்களா?"

உட்காராமலே சொன்னேன். இளஞ்சிவப்புத் தாளைக் கொடுத்தேன். அவர் மகன் பெயரைத் தேடி, ஐந்தாவது கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுவா?"

"அதுதான்."

"எதுக்கு சார்?"

"கப்புக்காக."

"கப்புக்கா?" என்றார். ஒரு ரயில் போனது. முழுவதும் போகும்வரை அவர் விரலை எடுக்கவில்லை. "அன்னிக்கு வீட்டுக்குப் போகையில பஸ் ஸ்டாப்புல வெச்சு அறைஞ்சேன் சார். நான் செய்யலப்பா, செய்யலப்பான்னுதான் சொன்னான். படிச்சவரு பொய் எழுதுவாராடான்னு இன்னொண்ணு குடுத்தேன். நம்ம டிப்போ ஆளுங்க நாலு பேரு நின்னு பாத்தாங்க."

அவர் அவனை அறைந்தது எனக்கு அதுவரை தெரியாது. நான் அறைந்ததுபோல என் உள்ளங்கை எரிந்தது.

அவர் தாளை மடித்துத் திருப்பித் தந்தார். குரலில் கோபமில்லை. "அவனை அத்தனை பேரு முன்னால சாரி கேக்க வெச்சோம், நீங்களும் நானும். இங்க வந்து என்கிட்ட சொன்னா எப்படி? அங்க சொல்லுங்க."

ஒலிபெருக்கி

கல்லூரியில் இந்த வருட இறுதி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. இப்போது கோச் நவீன். முனிராஜு காலமாகிவிட்டார். அன்று எல்லார் முன்னாலும் பேசப் போகிறேன் என்று சொன்னதும் நவீன் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கதவைச் சாத்தினான்.

"யாக் சார் ஈக? இப்ப எதுக்கு சார் இதெல்லாம்? என் பசங்க முன்னாலயா?"

"உன் பேரைச் சொல்ல மாட்டேன். எண்ணைத்தான் சொல்லணும்."

"எண்ணைச் சொன்னா போதாதா சார் எல்லாருக்கும் தெரிய?"

அவன் சொன்னது நியாயம்தான். ஆனாலும் இடைவேளையில் பேச முதல்வரிடம் இரண்டு நிமிடம் கேட்டிருந்தேன். பழைய ஆசிரியர் வாழ்த்துவார் என்று நினைத்துத் தந்துவிட்டார்.

ஆட்டத்தன்று ஒலிபெருக்கியில் நான் எழுதி வைத்துப் படித்தேன், கூட்டிக் குறைக்காமல் இருக்க. முட்டி, இரண்டு விரல், நான் எழுதியது, பையன் கேட்ட மன்னிப்பு, நான் சொன்ன பதில். படித்து முடித்ததும் ஒருவர் கைதட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். கடைசிப் படியில் அந்தோணிசாமியும் டெனிஸும் உட்கார்ந்திருந்தார்கள். ஃபவுல் செய்தவன் என்ன செய்ய வேண்டும் என்று முனிராஜு சொல்லிக் கொடுத்ததை நான் செய்தேன். கையைத் தூக்கினேன். தோள் வலிக்கிற வயது, முழுக்க எழும்பவில்லை. நவீன் தன் கையிலிருந்த கோச் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறு வாரம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. முடிந்த ஆட்டத்தின் பதிவை மாற்ற விதியில் இடமில்லை, கப்பு இருக்கும் இடத்திலேயே இருக்கும். பழைய ஆசிரியர்கள் கூட்டத்துக்கு எனக்கு இந்த முறை அழைப்பில்லை. பிரபாகர் தொலைபேசியில் கூப்பிட்டார். "என் கண்ணுல, கையில ஏதோ கோளாறுன்னு அடுத்த வருஷமே விசிலை விட்டுட்டேன் சார்" என்றார். இப்படி இன்னும் எத்தனை பேர் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அதே பள்ளிக்கூடத்து கோர்ட்டுக்குப் போனேன். வேலியோரம் அந்தோணிசாமி நின்றுகொண்டிருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். மகன் நடத்தும் ஆட்டத்தைப் பார்க்க முதல் தடவையாக வந்திருந்தார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஒரு ஃபவுல். டெனிஸ் விசில் ஊதி மேஜைக்கு வந்தான். முட்டி, இரண்டு விரல். "ட்வெல்வ்" என்றான், ஒரே ஒரு முறை. பிறகு மேஜையைச் சுற்றிப் பின்பக்கம் போய், எழுதுகிற பெண்ணின் தோளுக்கு மேலே குனிந்து, அவள் எழுதி முடிக்கும்வரை தாளையே பார்த்தான். அதன்பிறகுதான் ஆட்டத்துக்குப் போனான். அடுத்த ஃபவுலுக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும்.

"எதுக்கு சார் ஒவ்வொரு தடவையும் சுத்திப் போயி குனிஞ்சு பாக்கறான்?" என்று கேட்டார் அந்தோணிசாமி. "இவ்வளவு நேரம் ஆகுதே."

"முன்னல்லாம் மூணு தடவை வாயால சொல்லிட்டுப் போயிடுவான்" என்றேன். "நான் அவன்கிட்ட உண்மையைச் சொன்னதுக்கு அப்புறம் இப்படி."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோர்ட்டில் மறுபடி விசில் கேட்டது. அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்கும். டெனிஸ் வருவதைப் பார்த்ததும், எழுதிய கையை எடுத்துவிட்டு, அவனுக்குத் தெரியும்படி தாளைத் தானே திருப்பி வைத்தாள்.